மேடையடியில் ஆமைக் குஞ்சுகள்

தாம்பரத்திலிருந்து கடற்கரை இசை விழா ஒன்றுக்கு விளக்குப் போடப் போயிருந்தேன். விழா நடந்த மூன்று நாளும் அந்த வழியாக ஒரு மீன்காரம்மா போவார். கறுத்து மெலிந்த உருவம். மணலில் இறங்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

விழா முடிந்த மறுநாள் காலை நாங்கள் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக் கூடையில் போட்டார். பிளாஸ்டிக் கப் என்று நினைத்தேன். கிட்டே போனால், பங்குனி ஆமை என்கிற கடலாமையின் குஞ்சுகள். செத்துக் கிடந்தன.

"லைட்டு போட்டது நீயா?"

"ஆமாங்க்கா."

"முட்டைலேர்ந்து வந்ததும், வெளிச்சம் கீற பக்கம்தான் கடல்னு போவும். உன் லைட்டப் பாத்து இங்க வந்துட்டு கீதுங்க."

குரலில் கோபமே இல்லை. உயிரோடிருந்த ஒரே ஒரு குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே கொண்டு போயி வுடு."

விட்டேன். அலை எடுத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது, மற்றவற்றுக்காக அவர் கையாலேயே குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் கூப்பிட்டபோது நான் போகவில்லை. வேறு ஆட்கள் போய் விளக்குப் போட்டார்களாம். அந்த ஆட்களிடமும் அவர் கோபப்படாமல்தான் பேசியிருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.