ஆம்பூரிலிருந்து வேலூர் அவசரப் பிரிவுக்கு: நான் கட்டிய தோல் கட்டு

கால் அடிபட்டு ஆம்பூர் பக்கமிருந்து வேலூருக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பத்தாவதில் ஃபெயிலாகிக் கோட் அடித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 ஜூலை. மகள் ஸ்டெல்லாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. ஒரு ஞாயிறு மாலை படியில் சறுக்கி முழங்காலைத் திருப்பிக்கொண்டாள். நான் ஷூ கம்பெனிக்காரன். தோலை நனைத்து, கால் வடிவ அச்சில் இழுத்து வைத்தால், காயும்போது இறுகி அப்படியே படிந்துவிடும். முழங்காலும் ஒரு அச்சுதானே என்று நினைத்தேன். ஈரத் தோலைச் சுற்றித் தைத்தே விட்டேன்.

காலையில் அவள் பாதம் மரத்திருந்தது. 6.10 பஸ், ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் அப்போது பதினாறு ரூபாய்.

"இன்னாண்ணா, பாப்பா முட்டிக்கு ஷூ போட்டுட்டியா?" என்றார் கண்டக்டர்.

"நம்ம கை வேலை" என்றேன், பெருமையாக.

"ரொம்ப இறுக்குதுப்பா, அவுத்துடேன்" என்றாள் ஸ்டெல்லா.

"பிடிப்பு போய்டும்மா. ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்."

7.25க்கு வேலூர். அங்கிருந்து ஆட்டோ முப்பது ரூபாய்.

அவசரப் பிரிவில் டாக்டர் பார்த்ததும் ஒரு பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டார். அவர்கள் எல்லாம் குணமான பிறகு நடக்கப் பழக்குகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வந்த பெண் முதலில் கத்தரியால் கட்டை வெட்டினார்.

"பாதத்தை மேல தூக்கும்மா."

ஸ்டெல்லா பல்லைக் கடித்தாள். பாதம் தொங்கியபடியே இருந்தது.

"யாரு கட்னது?"

"நாந்தாம்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது, ராத்திரி முழுக்க நசுங்கியிருக்கிறது என்றார். பாதம் தொங்காமலிருக்கப் பட்டை போட்டார், ஊன்றுகோல் பிடிக்கக் காட்டினார், கட்டிலிலிருந்து கழிவறை வரை கூடவே நடந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

"சரியாய்டுமாம்மா?"

"மாசக்கணக்காகும். முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதுங்க."

முழுசாகத் திரும்பவில்லை. வார்டில் நாளெல்லாம் நிற்க முடியாது என்று நர்சிங்கை அவளே விட்டுவிட்டாள். ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: வீட்டில் எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டிய பின் விரல் மரத்துப்போனால் பஸ்ஸுக்குக் காத்திராமல் உடனே கட்டை வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நடக்க வைத்துப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

தரையில் உரசி உரசி அவள் வலது செருப்பின் முனை மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். அடி அட்டையை நான்தான் மாற்றித் தருகிறேன். "நல்லா ஒட்டியிருக்கப்பா" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை.