பெட்டி காட்டிய எண்

செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிற நாங்கள் மேலுவலி மாத்திரையை மருந்தாக நினைப்பதில்லை. காலை டீயோடு ஆளுக்கொன்று போட்டுக்கொண்டால்தான் முதுகு குனியும். என் வீட்டுக்காரர் பத்து வருஷமாகப் போட்டவர். திருச்சி ஆஸ்பத்திரியில் அவருக்கு இதய ஆபரேஷன் செய்யும் முன், "வேற மருந்து ஏதும் சாப்பிடறாராம்மா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்றேன். அப்போது அது பொய் இல்லை.

ஆபரேஷன் முடிந்து பார்த்தால், மூத்திரக் குழாயில் மெல்லிய கம்பி ஒன்றைச் சேர்த்துப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்காக என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"கிட்னிக்குள்ள ஆக்சிஜன் போதுமான்னு நேரா பார்க்க முடியாதும்மா. அங்கேருந்து வர்ற மூத்திரத்துல பார்த்தா தெரியும். கெட்டுப்போறதுக்கு முன்னாடியே சுதாரிச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

கொரோனாவில் விரலில் மாட்டிப் பார்த்தது போதாதென்று இங்கேயும் வந்துவிட்டார்களா என்று சிரித்தேன். வீட்டுக்காரரும் சிரிக்கப் பார்த்து, தையல் வலியில் முகம் சுளித்தார்.

மறுநாள் காலை பார்க்கப் போனேன். "முடியல புள்ள. இவங்க குடுக்கறது கேக்கவே மாட்டேங்குது. நம்ம மாத்திரை ஒண்ணு குடேன்" என்றார். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாத மனுஷன். எனக்காகச் சுருக்குப் பையில் வைத்திருந்ததை, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் அவர் வாயில் போட்டேன்.

மத்தியானம் பெட்டியில் ஆக்சிஜன் காட்டும் எண் பாதியாக இறங்கியது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தார்கள்; பிறகு ஏறியது. அடுத்த நாளும் கொடுத்தேன். மறுபடி இறங்கியது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூத்திரம் நல்லாத்தான் போவுது, ரத்த டெஸ்ட்டும் மாறல. ஆனா கிட்னிக்கு ஆக்சிஜன் பத்தலன்னு காட்டுது. ரெண்டு நாளும் நீங்க பார்த்துட்டுப் போன பிறகுதான் எறங்குது. வலி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? அது கிட்னியக் கெடுத்துரும். மறைக்காம சொல்லுங்க."

ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர். ரேஷன் கடையில் என் முன்னால் எடையைக் குறைக்க ஆள் கிடையாது. அன்று மட்டும் புருஷனை நானே கெடுத்தேன் என்று ஆகிவிடுமே என்ற பயம்.

"இல்லீங்க சார்" என்றேன்.

என் பேச்சை நம்பினார்கள். பெட்டியில்தான் கோளாறு என்று கழற்றிவிட்டார்கள். இரண்டு நாளில் மூத்திரம் குறைந்தது, அப்புறம் நின்றே போனது.

இப்போது வாரம் மூன்று நாள் பெரம்பலூருக்கு டயாலிசிஸ் போகிறோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் கேட்டாலும் அவர் ஒன்றைத்தான் சொல்கிறார்.

"அந்தக் கம்பிய வுட்டாங்க பாருங்க, அன்னிக்கே என் கிட்னி போச்சு. இவ திருட்டுத்தனமா ரெண்டு மாத்திரை குடுத்தா. அதுலதான் கொஞ்சமாச்சும் நிம்மதியா கெடந்தேன்."

கேட்பவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன்.