மாடித் தண்ணீர் போன வழி

“...மழைத்தண்ணிய பாதாள சாக்கடையில வுடாதீங்கன்னு கனெக்‌ஷன் குடுத்தப்பவே முனிசிபாலிட்டிக்காரங்க சொல்லிக்கினே இருந்தாங்களேண்ணா, அப்ப காத எங்க கழட்டி வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள், எங்கள் தெருவின் பள்ளத்து வீட்டுக் கஸ்தூரி. அவள் பேச்சை ரசித்துச் சிரிப்பவன் நான். அன்று தலை நிமிரவில்லை.

திண்டிவனத்தில் எங்கள் தெரு சரிவானது. வாசலில் மழைநீர் தேங்குகிறதே என்று, மாடிக் குழாயை யாருக்கும் தெரியாமல் பாதாள சாக்கடைத் தொட்டியில் சேர்த்துவிட்டேன். ஐப்பசியில் அடித்த ஒரே மழை. சாக்கடைக் குழாய் தாங்காமல், தெருச் சாக்கடை அத்தனையும் கஸ்தூரி வீட்டுக் குளியலறை வழியாகப் பொங்கிவிட்டது. கார்த்திகையில் விதைக்க வைத்திருந்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, மூட்டை மூட்டையாக நாறிப்போனது. அந்தப் பட்டத்தில் அவள் நிலம் தரிசாகவே கிடந்தது.

மறுநாளே மாடிக் குழாயை வெட்டினேன். இப்போது மழைநீர் என் தோட்டத்துக் குழிக்குத்தான் போகிறது. யார் வீடு கட்டினாலும் வலியப் போய் இதைச் சொல்கிறேன்.

போன வாரம் அவளிடமும், “இனிமே பயமில்லம்மா” என்றேன்.

“சரிண்ணா” என்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போனவள், குளியலறைத் துளையில் கோணியைத் திணித்து, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள்.