ரெஜிஸ்டரில் ஏறாத நான்கு துண்டுகள்

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பெரிய எழுத்தில்தான் எழுதுவேன், ஆனாலும் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லேத் பட்டறையில் சேர்ந்தவன் நான். டப்பாக்களில் ஒட்டியிருந்த லேபிளையும் டிராயிங் ஓரத்தில் இருந்த குறிப்புகளையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிறகு தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். அங்கே இருந்த காலத்தில் பெரும்பகுதி இது தெரியாதவனாகவே நடித்தேன். ஏன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரும்புத் துண்டுகளை மெஷினில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்க்கிற லேபில் எனக்கு வேலை. மாணவர்களின் பிராக்டிகல் போக, சனிக்கிழமைகளில் வெளி வேலையும் வரும். திருமுடிவாக்கத்துப் பட்டறைக்காரர்கள் தாங்கள் செய்த சாமான் தாங்குமா என்று கேட்டு வருவார்கள். பேராசிரியர்கள் சோதித்து ரிப்போர்ட் தருவார்கள்.

அதற்கு விதி இருந்தது. பட்டறை கடிதம் தர வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்தும், அதன் பிறகு பிரின்சிபால் கையெழுத்தும் ஆக வேண்டும். அதற்கு அப்புறம்தான் துண்டு மெஷினுக்குப் போகலாம். ரெஜிஸ்டரில் ஏற்றி, அந்த எண்ணைத் துண்டின்மேல் சிவப்பு பெயிண்டில் எழுத வேண்டும். மாணவர் துண்டுக்குச் சாக்பீஸ், வெளித் துண்டுக்குப் பெயிண்ட். கல்லூரி மெஷினை வைத்துக்கொண்டு எவரும் கமுக்கமாகச் சொந்தத் தொழில் நடத்திவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ரெஜிஸ்டரை இங்கிலீஷில் எழுதுவது டெக்னீஷியன் வேலை. அட்டெண்டர் அதைத் தொடக் கூடாது. டெக்னீஷியன் முதுகுவலி என்று நீண்ட லீவில் போய்விட்டதால், லேபைப் பார்த்துக்கொண்ட மேடம் என்னை எழுதச் சொன்னார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. அந்த ஜூனில்தான் நிரந்தரமாக வேண்டும்.

"மேடம், நான் போய் இதுல கை வச்சா..."

"எழுதுங்கண்ணா. உங்க எழுத்து என் எழுத்தைவிட நல்லா இருக்கு. என்னுது கோழி கிளறின மாதிரி இருக்கும்."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை, "இன்னா, கலெக்டர் ஆயிட்டியா?" என்றாள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். கேஸ் அடுப்பை மூடினோமா என்று மாடம்பாக்கத்து வீட்டிலிருந்து பாதி தூரம் வந்த சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவன். லேப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நானும் நிரந்தரமில்லாத ஆள்தான். அட்டெண்டர்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று எவனாவது கேன்டீனில் சும்மா சொன்னால்கூட எனக்கு அன்று சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை காலை, பாரம் தூக்குகிற கொக்கி செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கோணிப்பையில் நான்கு துண்டுகள்.

"மேடம் கீறாங்களா? நாலே நாலு பீஸும்மா. கொஞ்சம் இஸ்து பாத்து ஒரு பேப்பர் குடுங்க. லாரி கம்பெனி கேட்டாண்ட நிக்குது, பேப்பர் இல்லாம உள்ள வுட மாட்டேன்றான்."

"லெட்டர் பிரின்சிபால் ரூம்ல இருக்குங்க. இன்னும் கையெழுத்து ஆகலை. திங்கக்கிழமை வாங்க," என்றார் மேடம்.

"திங்கக்கிழமைக்குள்ள என்னியே இஸ்து பாத்துருவாங்கம்மா. ஆர்டர் பூட்ச்சின்னா ஷெட்டுக்கு பூட்டுதான். ஆறு பேர் வேல செய்றாங்க."

மேடம் சிரித்துவிட்டார். பிரின்சிபால் ஊரில் இல்லை. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, மாட்டுங்கண்ணா. ரெஜிஸ்டர்ல இன்னைக்குத் தேதியிலேயே ஏத்திடுங்க. அனுமதி நம்பர் இடத்தைக் காலியா விடுங்க, திங்கக்கிழமை நான் போட்டுடறேன்," என்றார்.

நான்கும் நன்றாகவே தாங்கின. மேடம் அளவுகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். அனுமதி நம்பர் என்ற கட்டத்தைப் பார்த்தபோது விரல் நின்றுவிட்டது. அதைக் காலியாக விட்டு எழுதினால், நாளைக்கு எவராவது புரட்டும்போது, அனுமதியில்லாமல் துண்டை மாட்டியவன் யார், அட்டெண்டர் எழுத்து இதில் எப்படி வந்தது என்று கேள்வி வரும். எழுதாவிட்டால் கேள்வியே இல்லை. திங்கட்கிழமை நம்பர் வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று மூடினேன். துண்டுகளின் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. சாக்பீஸில் கோடு இழுத்து மாணவர் துண்டுகளோடு போட்டேன். ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கடிதம் கையெழுத்தாகி வரவில்லை. பிரின்சிபால் திரும்பவே அந்த வாரம் முழுக்க ஆனது. ஏற்றியாயிற்றா என்று மேடம் கேட்டபோது, "ஆச்சு மேடம்" என்றேன்.

இதற்குள் பட்டறைக்காரர் ஒரு காரியம் செய்திருந்தார். வெள்ளைத் தாள் மரியாதையாக இல்லை என்று தோன்றியதாம். டைப் அடிக்கிற கடையில் கொடுத்து, மேலே எங்கள் கல்லூரியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, மேடம் எழுதிய தாளையும் பின்னால் இணைத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் ரிப்போர்ட்டின் பதிவு எண் என்னவென்று பிரின்சிபாலுக்கே கடிதம் எழுதினார்கள்.

என்னைக் கூப்பிட்டபோது அறையில் பிரின்சிபால், துறைத்தலைவர், ஹெட் கிளார்க், மேடம் நான்கு பேரும் இருந்தார்கள். மேசை மேல் ரெஜிஸ்டர் விரிந்திருந்தது.

"ரெஜிஸ்டர்ல ஏத்தினதா மேடம் சொல்றாங்க. இதுல இல்ல," என்றார் பிரின்சிபால். "டெக்னீஷியன் லீவு. அப்ப இந்தப் பக்கமெல்லாம் யாருப்பா எழுதினது?"

என் எழுத்து. வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று இடிக்காமல், அத்தனை பொறுமையாக எழுதியிருந்தேன்.

"மேடம்தான் சார்," என்றேன். "எனக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது."

"அந்த நாலு பீஸ் வெளியிலேருந்து வந்ததுன்னு தெரியுமா, தெரியாதா?"

"சாக்பீஸ் மார்க் இருந்துது சார். பசங்க பீஸுன்னு நெனச்சேன்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. ரெஜிஸ்டரைத்தான் பார்த்தார். அவருடைய எழுத்து எப்படி இருக்கும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் நினைவில்லை போலிருக்கிறது. ஹெட் கிளார்க் எனக்காகப் பரிந்து, "எட்டாங்கிளாஸ் சார். அவனுக்கு இன்னா தெரியும், பாவம்," என்றார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று பிரின்சிபால் மேடத்தைக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அட்டெண்டரை எழுத வைத்ததும் வெளியே வரும், என் வேலையும் போகும் என்று அவர் கணக்குப் போட்டாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. கடைசியில், "அனுமதி வர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணது என் தப்பு சார். ரெஜிஸ்டரும் என் பொறுப்புதான்," என்றார்.

அவரை நிரந்தரம் செய்யவில்லை. பருவம் முடிந்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். ஹெட் கிளார்க் என்னிடம், "ரெஜிஸ்டர்ல ஏறியிருந்தா ஒரு மெமோவோட முடிஞ்சிருக்கும்பா. மறைச்சிட்டாங்கன்னு ஆயிடுச்சே, அதான்," என்றார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு ஆறு வாரம் இருவரும் அதே லேபில்தான் இருந்தோம். தினமும் சைக்கிளில் வரும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பேன். அவர் வழக்கம்போல, "அண்ணா, அந்த ஸ்பேனரை எடுங்க," என்பார். எடுத்துக் கொடுப்பேன். அவர் கோபப்பட்டிருந்தால் வாய் திறந்திருப்பேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

இடையில் வெளி வேலை விதிகளை இங்கிலீஷில் டைப் செய்து லேப் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். பசையைத் தடவியது நான். ஒட்டி முடித்ததும் ஹெட் கிளார்க் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் எனக்கு விளக்கினார். மூன்றாவது வரியைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. மேடம் ஓர மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மேடம் சாவிகளை ஒப்படைக்க வந்தார். துறைத்தலைவர் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கவர்கள். இரண்டின் மேலும் இங்கிலீஷில், பெரிய எழுத்தில், வழக்கத்துக்கு மாறாக நிதானமாக எழுதியிருந்தார். கவர் என் கைக்கு வரும்போதே படித்துவிட்டேன்.

"இது ஸ்டோர் ரூம் சாவிண்ணா," என்றார் துறைத்தலைவருக்கும் கேட்கும்படி. "இது டிராயர் சாவி. மேல எழுதியிருக்கேன். சந்தேகம் வந்தா யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

"சரி மேடம்," என்றேன்.

துறைத்தலைவர் என் தோளைத் தட்டி, அடையாளத்துக்கு ஒன்றில் நூல் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டினேன். மேடம் படி இறங்கிப் போய்விட்டார். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சாவியில் நூல் இருந்தது. நைந்துபோகும்போதெல்லாம் நானே புதிது கட்டினேன்.