சுருங்கிக் கிடந்த மணிகள்

சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் ஜவ்வரிசியைவிடச் சிறிய பிசின் மணிகள். பதுளையில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில், தண்ணீரில் கரைந்த ஈயத்தைப் பிடிக்க எங்களுக்கிருந்த வலை அதுதான். மணி என்பது பின்னிக் கிடக்கும் பொலிமர்ச் சங்கிலிகள். சங்கிலி நெடுக அமிலக் கைகள். அமிலம் ஊற்றிக் கழுவினால் அந்தக் கைகள் புரோத்தனைப் பற்றிக்கொள்ளும், மணி சுருங்கும். காரம் விட்டால் புரோத்தன் கழன்றோடும். மின்னேற்றம் பெற்ற கைகள் ஒன்றையொன்று தள்ள, பின்னல் விரிந்து மணி உப்பும். அப்போதுதான் ஈயம் உள்ளே போய் மாட்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறியவன் நான்.

எங்களோடு இருந்த டெக்னீசியன் அக்கா ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்தவர். அங்கே எல்லோரும் குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வரும் பழைய குழாயில் ஈயம் கலக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு போத்தல் பிடித்து வந்து தந்தார். முதல்நாள் அமிலத்தில் கழுவிய மணிகளுக்குக் காரம் விட மறந்து, தண்ணீரை அப்படியே ஊற்றினேன். மணிகள் கச்சிதமாக அடங்கி அழகாகவே இருந்தன. அவற்றில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஈயம் இல்லை என்று எழுதிக்கொடுத்தேன்.

"தம்பி, நல்லா பாத்தீங்களா? புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க."

"இத போத்தல்ல அடைச்சு எல்லயில ஊர் சுத்திப்பாக்க வர்ற வெள்ளைக்காரனுக்கு விக்கலாங்க்கா."

அக்கா சிரித்தார். லயத்துக்குப் போய் எல்லோரையும் பயமில்லாமல் குடிக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அக்கா குழாயையே பார்த்தார். "மணியெல்லாம் சுருங்கிக் கெடக்கே தம்பி. அன்னிக்கும் இப்புடித்தான் ஊத்துனீங்களா?" காதில் விழாததுபோல, குடுவையை அடுப்பில் வைத்து மும்முரமாகக் கிளறினேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்பதை அக்காதான் சொன்னார். மிச்சமிருந்த பீலித் தண்ணீரை முறையாக மறுபடி சோதித்தோம். இருக்கக்கூடாத அளவுக்கு ஈயம் இருந்தது.

அன்றே இருவரும் பஸ் ஏறினோம். பீலியடியில் குடம் நிறைத்துக்கொண்டிருந்த வயதான பெண்ணிடம், இந்தத் தண்ணீர் வேண்டாமென்றார் அக்கா. அவள் நிமிரவே இல்லை. "போன தடவ நல்ல தண்ணின்ன, இப்ப வெசங்கிற. ஒன்ன நம்பித்தானே எம்பேரனுக்குக் குடுத்தேன்? படிச்சவளாம்!"

"தப்பு என் கையிலதாங்க" என்றார் அக்கா. நான் பின்னால் நின்று, தேயிலைச் செடிகளை எண்ண வந்தவன்போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் அக்காவைச் சிரிக்கவைத்து வந்த வாய் என்னுடையது. அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு அங்கே அக்காவின் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பீலியடியில் கூட்டமும் குறையவில்லை.

போன மாதம் அக்காவின் சாவுக்கு அதே லயத்துக்குப் போனேன். யாரோ பிளேன்டீ தந்தார்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்கத் துணிவில்லாமல் குடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல மனுசிங்க. அந்தத் தண்ணி வெசயத்துல மட்டுந்தான் புத்தி பெசகிருச்சு."

தப்புப் பண்ணியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க" என்றேன்.