அசையாத கல்

டம்ளரில் கடைசி வாய்த் தண்ணீரை அப்பா குடிக்கமாட்டார். தரையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்துக்கொண்டே இருப்பார். மகளுக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான்.

"ஓடட்டும்டி, எங்க போகுதுன்னு பாக்குறேன்."

"எங்க போகும், என் தலையிலதான் வந்து விடியும்" என்று அம்மா துணியோடு வருவாள்.

அவர் நகராட்சியில் நில அளவைக்காரர். அலுவலக வாசலில் உயரம் பொறித்த ஒரு மட்டக்கல் உண்டு. எந்த வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அந்தக் கல்லிலிருந்துதான் அளந்து குறிப்பார். வேலை முடிந்ததும் அளந்துகொண்டே அதே கல்லுக்குத் திரும்புவார். கணக்கு உதைக்காமல் வந்தால் அளவு சரி.

ஒரு மழைக்காலத்தில், அவர் தரை உயரம் குறித்துக் கொடுத்த தெருவில் ஏழு வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. அவர் மறுபடி அளந்தார். தரைகள் சரி, சாக்கடைதான் ஒரு சாண் உயரம். கல்லுக்குத் திரும்பினார், கணக்கு கச்சிதமாக வந்தது. சாக்கடை கட்டிய மேஸ்திரி மேல் தப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஐயா, எனக்கு வேற ஆபீஸ்ல, வேற கல்லுல இருந்து குறிச்சுக் குடுத்தாங்க. உங்க கல்லை ஒருதடவை பாருங்க."

"கல்லையே சந்தேகப்பட்டா அப்புறம் எதை வெச்சுய்யா அளக்கிறது?" என்று அப்பா சிரித்தாராம். மேஸ்திரிக்கு அந்த ஊரில் அதன்பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை.

மகள் இந்தக் கதையைக் கேட்டது கல்லூரிக்குப் போன பிறகு. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தப்பென்று காட்ட வழியே இல்லாத சோதனை சோதனையே இல்லை என்று அன்றுதான் வகுப்பில் படித்திருந்தாள்.

"அப்பா, கல்லே எறங்கியிருந்தா உங்க கணக்குல அது எங்க தெரியும்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எங்கயும் தெரியாதும்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பாலத்தில் இருந்த இன்னொரு மட்டக்கல்லிலிருந்து அலுவலகக் கல் வரை இருவரும் அளந்தார்கள். அவள் அளவுகோலைப் பிடித்தாள். கல் ஒரு சாண் இறங்கியிருந்தது. "எந்தக் காலத்துலயோ ஒரு லாரி பின்னால வந்து இடிச்சுது" என்று காவலாளி போகிற போக்கில் சொன்னார். சாக்கடை சரியாகத்தான் இருந்தது, வீடுகள்தான் தாழ்வு.

தான் கேட்டது உண்மைக்காகவா, படித்ததைக் காட்டிக்கொள்ளவா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதன்பின் அவர் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா ஒருநாள் தரையைத் துடைத்தபடி சொன்னாள்: "இந்தத் தண்ணி ஊத்துற பழக்கம் முன்னாடி கெடையாதுடி. மேஸ்திரி வந்துட்டுப் போன அன்னிக்கு ஆரம்பிச்சது."

அப்படியென்றால் அவள் கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வி வீட்டுக்குள் இருந்திருக்கிறது. தினமும் தரையில் ஓடியிருக்கிறது.

அவருடைய அளவைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மேஸ்திரியின் இப்போதைய விலாசம் இருந்தது, பக்கத்து ஊர். கீழே அப்பாவின் கையெழுத்து: "தப்பு என்னுடையது என்று நேரில் சொல்ல வேண்டும். நான்கு முறை போய் வாசலோடு திரும்பினேன்."

மேஸ்திரி அந்த விலாசத்தில்தான் இருக்கிறார். மகளும் இரண்டு முறை போய்விட்டாள். வாசல் வரை.