ஈக்கள் பிழைத்த ஏழாம் நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நான் உதவியாளனாக இருந்தேன். காய்கறிச் செடிக்கு அடித்த பூச்சிமருந்து எத்தனை நாளில் காயை விட்டுப் போகிறது என்று பார்ப்பது என் வேலை. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிணற்றுத் தோட்டத்தில், கத்திரி வயலைச் சோதனைக்குக் கொடுக்க ஓர் அம்மா சம்மதித்தார். அவர் கணவர் விசைத்தறி போட்டு அதிலேயே மூழ்கிவிட, தோட்டம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. நான் அவரை அக்கா என்பேன்.

ஏன் சம்மதித்தார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மருந்தடிச்ச காய எங்க ஊட்டுல நாங்க ஆக்கறதில்லீங்க சார். சந்தைக்குத்தான் அனுப்பறோம். வாங்கறவங்க ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குதுங்களே? அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க."

சோதனைக்கு ஈ வேண்டும். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தக் குட்டி ஈ. காயை அரைத்து, அதிலுள்ள மருந்தை ஒரு திரவத்தில் இறக்கி, கண்ணாடிக் குழாயின் உள்பக்கம் பூசிக் காயவிட்டு, ஈக்களை உள்ளே விட வேண்டும். செத்தால் மருந்து மிச்சம் இருக்கிறது. பிழைத்தால் அநேகமாகப் போய்விட்டது.

நிலையத்தில் வளர்த்த ஈக்களைக் குழாய்களில் அடைத்து, பஞ்சு வைத்து மூடி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். பல்லடம் வருவதற்குள் ஒரு குலுக்கலில் பாதிப் பஞ்சு கழன்றுவிட்டது. பஸ் முழுக்க ஈ. நடத்துநர் முகத்தைத் துண்டால் விசிறிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இத்தன பேரையும் டிக்கெட் எடுக்காம ஏத்திட்டு வந்திருக்கீங்களே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் வேலை போய்விடுமோ என்று பயம். தோட்டத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னதும் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மிச்சமிருக்கறத இங்கயே பெருக்கிக்கலாமுங்க. பழம் எத்தன வேணும்?"

கனிந்த பூவன் பழத்தைப் பிசைந்து போத்தல்களில் போட்டு மோட்டார் அறையில் வைத்தோம். ஈ பெருக ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரை மருந்தடிக்க முடியாது. காய்ப்புழுவோ காயைத் துளைத்துக்கொண்டிருந்தது. "அதுங்களும் நாலு நாளைக்குத் தின்னுட்டுப் போவட்டுமுங்க" என்றார் அக்கா. காலையும் மாலையும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைவிட அதில்தான் அவருக்கு அக்கறை.

ஒருவழியாக மருந்தடித்தோம். இரண்டு வரிசையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாமல் விட்டோம். மருந்தடித்த வரிசைகளில் அன்று பறித்த காயில் விட்ட ஈக்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் சில பிழைத்தன. அக்கா குழாயருகே குந்தி உட்கார்ந்து, "எப்படீங்க கொறயுது? மழைகூட இல்லீங்களே?" என்றார். வெயிலும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், செடியே உள்ளுக்குள் கொஞ்சம் சிதைத்துவிடும், காய் பருக்கப் பருக்க மிச்சமிருப்பதும் நீர்த்துப்போகும் என்றேன்.

"அப்ப செடியும் நம்ம கூடச் சேந்து வேல செய்யுதுங்க" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

ஏழாம் நாள் காயில் விட்ட ஈக்களை மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். அக்கா எனக்கு முன்பே மோட்டார் அறையில் இருந்தார். மருந்தடிக்காத வரிசைக் குழாயையும் இதையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி ஈக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"பொழச்சிருச்சுங்க சார்! அத்தனையும் பொழச்சிருச்சுங்க!"

தறியிலிருந்து கணவரை ஆள் விட்டுக் கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்தார் இருவர் வந்தார்கள். குழாய் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. இந்த மருந்துக்கு, இந்த வெயிலில்தான் ஏழு நாள், வேறு மருந்துக்கு வேறு கணக்கு என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை; அக்கா மட்டும் தலையாட்டினார்.

அன்று மதியம் அந்த வீட்டில் வெகு காலத்துக்குப் பிறகு சொந்தத் தோட்டத்துக் கத்திரிக்காய் வெந்தது. எண்ணெயில் வதக்கிய காயை அக்கா முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் எங்களுக்குப் பரிமாறினார். அவர் கணவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்.

அடுத்த போகத்திலிருந்து மருந்தடிப்பதற்கு முந்தின நாளே முற்றிய காயெல்லாம் பறித்துவிடுவார். அடித்த பிறகு ஒரு வாரம் வயலுக்குள் கூடையோடு யாரையும் விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்தாரும் அதையே செய்யத் தொடங்கியதாக எனக்குக் கடிதம் போட்டிருந்தார்.